எதிரில் ஓர் ஆள்

(கொல்லிமலை, பெரக்கரை நாட்டில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியிருந்த ஒரு பிற்பகல் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடை மாற்றப்படவில்லை.)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் பாயில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் மேசைமேல் இருக்கிற செஸ் பலகையையே பார்க்கிற பிள்ளைகளே!

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. முப்பதாவது வளைவு வரைக்கும் இன்றைக்கு என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அதற்குமேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்ததுதான் ஞாபகம். ஆகவே என் பேச்சின் முற்பாதி நேராகவும் பிற்பாதி வளைந்தும் போனால் அந்தக் குற்றத்தை ரோட்டின் மேல் போடுங்கள்.

என்னைக் கூப்பிட்டவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். "சின்னப் பிள்ளைக்குச் செஸ் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எங்களுக்கே தெரியாதே, சார்?" நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில், இருபது வயதுக்குமேல், பக்கத்துக் கட்டில்காரனிடம் கற்றுக்கொண்டவன். என்னை ஜெயித்துவிட்டுப் போன மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நிறைய. எனக்குள்ள தகுதி அதுதான்.

"எங்களுக்கே தெரியாதே" என்றீர்கள் பாருங்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் முன்னால் கோயில் பக்கம் நடந்து வந்தேன். கல்திண்ணையில் முக்கோணமாகக் கோடு கீறியிருக்கிறது. ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. இங்கே இருக்கிற பெரியவர்களில் அதை ஆடாதவர் யார்? கை தூக்கச் சொன்னால் ஒரு கைகூட எழாது. அப்படியானால் செஸ்ஸில் பாதி உங்களுக்குத் தெரியும். நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. விளக்குகிறேன்.

செஸ் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகளுக்குப் புரியவைக்கச் சிரமமான விஷயம் குதிரை நகர்வு என்று எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. சிரமமானது ‘மேட்’. எல்லாக் காயையும் வெட்டலாம், ராஜாவை மட்டும் வெட்ட முடியாது என்றால் பிள்ளை முழிக்கும். "அப்புறம் எப்படி சார் ஜெயிக்கிறது?" டவுன் பிள்ளைக்கு இதை நான் பத்து நாள் சொல்லியிருக்கிறேன். மலைப் பிள்ளைக்கு ஒரு நிமிஷம் போதும். ஆடுபுலியில் ஆடு புலியைக் கொல்கிறதா? இல்லை. ஆட்டுக்கு ஏது பல்? புலி எந்தப் பக்கமும் நகர முடியாமல் சுற்றி நின்று அடைக்கிறது. புலி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் ஆட்டம் முடிந்தது. அதுதான் மேட். ராஜா சாகவில்லை, அடைபட்டார். இதைச் சொன்ன உடனே ஒரு பையன், "அப்போ சிப்பாயெல்லாம் ஆடு, ராஜா புலி" என்றான். அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் அதே பையன் மறுநாள் என்னோடு சண்டைக்கு வந்தான். அவன் எதிராளியின் ராஜாவை மூலையில் அடைத்துவிட்டான். ஓர் அடிகூட நகர இடமில்லை. எதிராளியிடம் வேறு காயும் இல்லை. ஆனால் ராஜாவை எந்தக் காயும் தாக்கவில்லை, அதாவது செக் இல்லை. நான், "இது ஸ்டேல்மேட், டிரா" என்றேன். அவனுக்குக் கோபம். "புலியை அடைச்சா ஆடு ஜெயிச்சதுதானே சார்? இது என்ன நியாயம்?" நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இந்த விதி இன்னும் விசித்திரமாக இருந்தது: அப்படி நகரவிடாமல் அடைத்தவனே தோற்றவன் என்று வைத்திருந்தார்கள். டிரா என்று உலகம் ஒத்துக்கொள்ள நாளாயிற்று. அந்தப் பையனிடம், "உன் கட்சிக்கும் ஒருகாலத்தில் ஆள் இருந்திருப்பார்கள், இப்போதைக்கு விதி இது" என்று சொல்லி அனுப்பினேன். முழுக்கச் சமாதானமாகவில்லை. சமாதானமாகாமல் இருப்பதும் நல்லதுதான். விதி எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பிள்ளை விளையாட்டை விடாது.

சரி, எங்கே தொடங்குவது? பலகையைப் பரப்பி, முப்பத்திரண்டு காயையும் அடுக்கி, "இது இப்படிப் போகும், அது அப்படிப் போகும்" என்று முதல் நாளே பாடம் எடுக்காதீர்கள். நான் அப்படித்தான் எடுத்தேன், ஆரம்பத்தில். அரைமணி நேரத்தில் பாதிப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். இன்னொரு பாதி குதிரைகளை எடுத்து மேசை மேல் ஓடவிட்டார்கள்.

சிப்பாய் மட்டும் போதும். இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. ராஜா இல்லை, ராணி இல்லை. சிப்பாய் முன்னால் ஒரு கட்டம் போகும், முதல் தடவை வேண்டுமானால் இரண்டு. வெட்டும்போது மட்டும் கோணலாக வெட்டும். யாருடைய சிப்பாய் முதலில் எதிர்க்கோடியைத் தொடுகிறதோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான் விதி. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே தடவையில் புரியும். ஒரு ஆட்டம் ஐந்து நிமிஷத்தில் முடியும். சின்னப் பிள்ளைக்கு அதுதான் பெரிய விஷயம், ஆட்டம் முடியவேண்டும். முடிந்தால்தான் "இன்னொரு ஆட்டம்" என்று கேட்கும். முடியாத ஆட்டம் பிள்ளைக்குத் தண்டனை.

இதற்குக் காய்கூட வேண்டாம். சிமென்ட் மூட்டைக் காகிதத்தில் எட்டுக்கு எட்டு கட்டம் போடுங்கள். ஒரு பக்கத்துக்குப் பலாக்கொட்டை எட்டு, இன்னொரு பக்கத்துக்குக் காப்பிக்கொட்டை எட்டு. இந்த மலையில் இவை இரண்டுக்கும் பஞ்சமா? கட்டம் போடும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஆடுகிறவரின் வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம் வரவேண்டும். சினிமாவில் செஸ் ஆடுகிற காட்சி வந்தால் பாருங்கள், பல படங்களில் இதைத் தப்பாக வைத்திருப்பார்கள். கண்டுபிடித்த பிள்ளை ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிக்கொண்டே திரியும்.

சிப்பாய் ஆட்டம் ஒரு வாரம் ஆடட்டும். பிறகு ராஜா வரட்டும். பிறகு யானை. யானை நேராகத்தான் போகும், பிள்ளைக்கு அதில் குழப்பமில்லை. ஒரு ராஜாவையும் ஒரு யானையையும் வைத்துக்கொண்டு தனி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி மேட் செய்யப் பழக்குங்கள். சரியாக ஆடினால் பதினாறு நகர்வுக்குள் முடிந்துவிடும். பிள்ளைக்கு முதலில் அறுபது ஆகும், எழுபது ஆகும். இருக்கட்டும். அப்புறம் மந்திரி, ராணி. மந்திரியைச் சிலர் பிஷப் என்பார்கள், வடக்கே அதற்கு ஒட்டகம் என்று பேர். பேர் எதுவானாலும் அது பிறந்த நிறத்தை விட்டுப் போகாது. கறுப்புக் கட்டத்தில் நிற்கிற மந்திரி ஆயுசுக்கும் கறுப்புக் கட்டம்தான். கடைசியாகக் குதிரை.

குதிரைக்கு வந்தால் இந்த ஊரில் எனக்கு ஒரு வசதி உண்டு, வேறெந்த ஊரிலும் கிடைக்காத வசதி. வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவருக்கு ஆடியில் விழா எடுக்கிறார்கள். ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பேர். அவரோடு போரிட்ட மலையமான் காரியின் குதிரைக்குக் காரி என்று பேர். சிறுபாணாற்றுப்படை இந்த இரண்டு குதிரைகளையும் சேர்த்தே சொல்கிறது. காரி என்றால் கருமை. எனவே என் பலகையில் கறுப்புக் குதிரை காரி, வெள்ளைக் குதிரை ஓரி. இப்படிப் பேர் வைத்த பிறகு குதிரை நகர்வைப் பிள்ளைகள் மறந்ததே இல்லை. இரண்டு கட்டம் நேராக ஓடி, ஒரு கட்டம் திரும்பும். நடுவில் யார் நின்றாலும் தாண்டும். பலகையின் நடுவில் நிற்கும் ஓரிக்குப் போக எட்டு இடம். மூலையில் நின்றால் இரண்டே இடம். "ஓரியை ஏன்டா மூலையில கட்டிவச்சிருக்க?" என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் கேட்பார்கள். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை இந்த ஒரு வாக்கியம் முடித்துவிட்டது.

கதையில் காரிதான் ஜெயித்தார். ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தார் என்பது சங்கப் பாட்டில் வரும் செய்தி. இதைச் சொன்னால் இங்கே ஒரு பிள்ளையும் கறுப்புக் காய் எடுக்க மாட்டேன் என்கிறது. நான் என்ன செய்ய? மாறி மாறி ஆடவேண்டும் என்று விதி போட்டுவிட்டேன்.

ஓரியிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. புறநானூற்றில் வன்பரணர் பாடியது. ஓரி விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியையும் வீழ்த்தி, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது. செஸ்ஸில் இது தினமும் நடக்கிறது. எதிராளியின் ராஜாவும் அவருக்குப் பின்னால் ராணியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். என் யானை அந்த வரிசைக்கு வந்து செக் சொல்கிறது. ராஜா நகர்ந்தே ஆகவேண்டும். நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி போச்சு. பலகையில் ஒரே கோட்டில் இரண்டு பெரிய காய் நின்றால், "ஓரி அம்பு இருக்கா பாரு" என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அடுத்த நிமிஷம் எல்லாத் தலையும் பலகைமேல் கவிழ்ந்திருக்கும்.

இதுவரை சொன்னது எளிது. இனிமேல் கஷ்டமானது. தோல்வி.

பிள்ளை தோற்றால் அழும். அதைப் பார்க்கச் சகிக்காமல் நாம் வேண்டுமென்றே தோற்போம். நானும் செய்தேன். இரண்டு நாளாகத் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை. மூன்றாம் நாள் என் யானையை அவள் ராணிக்கு எதிரில் கொண்டுபோய் வைத்தேன், தெரியாத மாதிரி. அவள் வெட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சார், நீங்களே கொடுக்கிறீங்க. எனக்கு வேணாம். திருப்பி வச்சு ஒழுங்கா ஆடுங்க." முப்பது வருஷ உத்தியோகத்தில் எந்த அதிகாரியும் என்னை அப்படிக் கண்டித்ததில்லை.

அன்றிலிருந்து வேறு வழி. ஆட்டம் தொடங்கும் முன்பே என் ராணியை எடுத்துப் பலகைக்கு வெளியே வைத்துவிடுவேன், எல்லோர் கண்முன்னாலும். "நான் பெரியவன், நீ சின்னவள். எனக்கு ராணி கிடையாது. மற்றபடி விடமாட்டேன்." அதற்குப்பின் ஜெயித்தால் அது அவள் ஜெயித்தது. சில நாளில் ராணிக்குப் பதில் யானையை எடுப்பேன். பிறகு குதிரை. பிறகு ஒரு சிப்பாய். ஒருநாள் எதையும் எடுக்காமல் உட்காரும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்குத் தெரிந்த பட்டமளிப்பு விழாக்களில் அதுதான் நல்ல விழா.

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்ற விதியையும் சீக்கிரமே பழக்குங்கள். பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பாமார்கள் திரும்ப எடுப்பதில் கெட்டிக்காரர்கள்.

இப்போது பெரிய பெயர்களுக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக் கூட்டத்தில் செஸ் பேசிவிட்டு ஆனந்த் பெயர் சொல்லாமல் இறங்கினால் யாரும் விடமாட்டீர்கள். ஆனால் அவர்கள் வாங்கிய கோப்பைகளைப் பற்றிப் பேசப் போவதில்லை. அவர்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எதிரில் யார் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும்.

விஸ்வநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11ஆம் தேதி மயிலாடுதுறையில் பிறந்தவர். ஆறு வயதில் அவருக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பாவுக்கு ரயில்வே வேலை, அதன் நிமித்தம் கொஞ்ச காலம் குடும்பம் பிலிப்பைன்ஸில் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகலில் ஒரு செஸ் நிகழ்ச்சி. பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா அதைப் பார்த்து, ஆட்டத்தையும் புதிரையும் எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு புத்தகம். ஜெயித்து ஜெயித்துக் கடைசியில் நிகழ்ச்சிக்காரர்கள் அந்தப் பையனைக் கூப்பிட்டு, வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப் அவருக்கு இரண்டாவது வீடு. அங்கே வேக ஆட்டத்தில் தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் கொடுக்கவேண்டும். நாற்காலி வேண்டுமானால் ஜெயிக்கவேண்டும். 1988இல் அந்தப் பையன் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

வைஷாலி, பிரக்ஞானந்தா கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. வைஷாலி வீட்டில் டிவி அதிகம் பார்க்கிறாள் என்று பெற்றோர் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். கூடவே ஓவிய வகுப்பு. வீட்டுக்கு வந்து அக்கா காய் நகர்த்துவதைப் பார்த்துப் பார்த்து, பேச்சே சரியாக வராத வயதில் தம்பி பலகை பக்கம் வந்துவிட்டான். தம்பி 2018இல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு 10 மாதம். 2023 டிசம்பரில் அக்காவும் 2500 புள்ளியைத் தாண்டினாள். அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷின் உழைப்பு அதில் பெரிது. அம்மா நாகலட்சுமி ஊர் ஊராகக் கூடவே போனதும் பெரிது. என் கண்ணுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிவது, ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு பலகை.

குகேஷ் ஏழு வயதில் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டார், வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். பதினொரு ஆண்டு கழித்து, 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று, பதினெட்டு வயதில் உலக சாம்பியன். பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைக் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரைக்கும் கணினி எஞ்சின் பக்கம் போகவிடாமல் வைத்திருந்தார் என்பது செஸ் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. செல்போனில் செஸ் ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் அலுக்காமல் ஆடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் தோற்ற பிறகு தோளில் கைபோட்டு, "அந்த மந்திரியை ஏன்டா அங்க வச்ச?" என்று கேட்காது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஹங்கேரியில் போல்கர் சகோதரிகள் மூன்று பேர். மூத்தவள் சூசன் நாலு வயதில் அலமாரியில் காய்களைக் கண்டெடுத்தாள். கடைக்குட்டி ஜூடித் 1991இல், பதினைந்து வயதில் கிராண்ட்மாஸ்டராகி பாபி ஃபிஷரின் சாதனையை முறியடித்தாள். அந்த ஃபிஷர் ஆறு வயதில் அக்கா ஜோனோடுதான் தொடங்கினார். அக்காவுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது. அப்புறம் அந்தப் பையன் தனக்குத்தானே ஆடினான், வெள்ளையும் அவனே, கறுப்பும் அவனே. உலக சாம்பியன் ஆனார், உண்மை. ஆனால் எதிரில் ஆளில்லாமல் பலகை முன் உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுப் பையனை நினைத்தால் எனக்கு என்னவோ செய்கிறது.

சிலர் என்னிடம், "செஸ் கற்றுக்கொண்டால் கணக்கு நன்றாக வருமாமே?" என்று கேட்பார்கள். அவர்களை ஏமாற்ற எனக்கு மனசில்லை. இங்கிலாந்தில் நூறு தொடக்கப்பள்ளிகளில், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2016இல் வெளியிட்டார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள். ஒரு பகுதிக்குச் செஸ் வகுப்பு, மற்றவர்களுக்கு இல்லை. ஓராண்டு கழித்துக் கணக்குத் தேர்வில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆர்மீனியாவில் 2011 முதல் தொடக்கப்பள்ளியில் செஸ் கட்டாயப் பாடம். அவர்கள் நாட்டுக்கு அது பெருமை, செய்கிறார்கள். நம் பிள்ளைக்குக் கணக்கு வரவேண்டுமானால் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். செஸ் சொல்லிக்கொடுத்தால் செஸ் வரும். அது போதாதா? கபடி கற்றுக்கொண்டால் என்ன மார்க் வரும் என்று யாராவது கேட்கிறோமா?

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அரசுப் பள்ளிகளிலெல்லாம் போட்டி வைத்தார்கள். வேட்டி சட்டை கட்டிய குதிரை, ‘தம்பி’ என்று பேர், சுவரெல்லாம் சிரித்தது. நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. நல்ல காலம் அது. எங்கே பார்த்தாலும் பலகை. ஆனால் விழா முடிந்தால் பலகை பீரோவுக்குள் போய்விடும். அதுதான் எனக்குப் பயம். சாவியை வைத்திருக்கிற ஆசிரியர்கள் இங்கே இருந்தால், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், பீரோவைத் திறந்து வையுங்கள். காய் தொலையும். தொலையட்டும்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் மலையிலிருந்து ஒரு பையனைக் கீழே ஒரு ஊரில் நடந்த போட்டிக்கு அழைத்துப் போனேன். நுழைவுக் கட்டணம், பஸ் செலவு எல்லாம் அவன் அப்பா மிளகு விற்ற காசு. முதல் ஆட்டத்தில் பையன் ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தான். ஜெயிப்பது நிச்சயம். திடீரென்று நடுவர் வந்து, "நேரம் முடிந்தது, நீ தோற்றாய்" என்றார். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் கடிகாரத்தை அமுக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் யோசித்த நேரம், எதிராளி யோசித்த நேரம், இரண்டும் அவன் கணக்கிலேயே ஓடியிருக்கிறது. எதிரில் இருந்த பிள்ளைக்கு அது தெரியும், வாய் திறக்கவில்லை. நான் போய்ச் சண்டை போட்டேன். விதி விதிதான் என்றார்கள். விதிப்படி அவர்கள் சொன்னது சரி. கடிகாரத்தைச் சொல்லித்தராதது என் தப்பு, ஏனென்றால் என்னிடம் கடிகாரமே கிடையாது. திரும்பி வரும்போது பையன் வாயே திறக்கவில்லை. பாதி மலை ஏறின பிறகு, "சார், அந்தக் கடிகாரம் என்ன விலை இருக்கும்?" என்றான். அவன் இப்போது பெரியவனாகி வேறு ஊரில் வேலையில் இருக்கிறான். அவன் வாங்கி அனுப்பிய கடிகாரம்தான் இதோ மேசைமேல் இருக்கிறது.

கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்தில், காட்டோரத்தில் மரோட்டிச்சால் என்று ஒரு ஊர். ஒருகாலத்தில் சாராயமும் சூதாட்டமும் அந்த ஊரைத் தின்றுகொண்டிருந்தன. சி. உண்ணிகிருஷ்ணன் என்பவர் பள்ளிப் பருவத்தில் பக்கத்து ஊரில் செஸ் கற்றுக்கொண்டு வந்தார். பிறகு தன் தேநீர்க் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். கட்டணம் இல்லை. டீ குடிக்க வந்தவர் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார். பிறகு தினமும் வந்தார். இன்றைக்கு அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவராவது செஸ் ஆடுவார்கள் என்கிறார்கள். செஸ் கிராமம் என்றே அதற்குப் பேர் ஆகிவிட்டது. அங்கே கிராண்ட்மாஸ்டர் பிறந்தாரா என்று கேட்காதீர்கள். பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கிற இரண்டு பேர் பேச்சுக்கு முன்னால் பலகையை விரிக்கிறார்கள். எனக்கு அது பெரிய காரியம்.

கொல்லிமலையில் பதினான்கு நாடு இருக்கிறது. கீழ்நாட்டில் இருக்கிற அகாடமி இங்கே ஏறி வராது, வந்தாலும் கட்டணம் கட்ட முடியாது. இங்கே தேவைப்படுவது அது இல்லை. சாமை அறுப்பு முடிந்து வாசலில் உட்காரும் தாத்தா, ஆடுபுலியில் பேரனை விடாமல் அடைக்கிறாரே, அதே தாத்தா பேரன் முன்னால் இந்தப் பலகைக்கு எதிரிலும் உட்காரவேண்டும். பேரனிடம் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. பிள்ளைகளுக்குப் பெரியவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் இருக்கிற சந்தோஷம் வேறெதிலும் கிடையாது. தாய்மார்கள், "எங்களுக்கு எங்கே சார் நேரம்?" என்கிறீர்கள், தெரியும். சிப்பாய் ஆட்டம் ஐந்து நிமிஷம். அடுப்பில் உலை கொதிக்கிற நேரம்.

நான் இரண்டு பலகை கொண்டுவந்திருக்கிறேன். ஒன்றில் கறுப்புச் சிப்பாய் ஒன்று குறைகிறது, அந்த இடத்தில் காப்பிக்கொட்டை வைத்திருக்கிறேன். போகும்போது இரண்டையும் இங்கேயே விட்டுப்போகிறேன், கடிகாரத்தையும் சேர்த்து. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. பிள்ளைகள் வெள்ளைக் காய் எடுத்துக்கொள்ளட்டும். பெரியவர்கள் யாராவது எழுந்து வந்து எதிரில் உட்காருங்கள்.